பச்சைக்கு அடியில் இருந்த மஞ்சள்

நான் முதன்முதலில் நன்றி நோட்டு எழுதத் தொடங்கியது ஒரு செப்டம்பர் மாதம். பதினோரு நாளில் நிறுத்திவிட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளுக்கு ஐந்து வரி. குடும்பம், உடல்நலம், வேலை, தங்க ஒரு வீடு, நல்ல தூக்கம். மறுநாளும் அதே ஐந்து. வரிசை மட்டும் முன்பின்னாக மாறியிருக்கும். எழுதியதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் எழுதி முடித்து விளக்கை அணைத்ததும் நெஞ்சில் மிஞ்சியது அந்த ஐந்தில் எதுவும் இல்லை. அண்ணன் மேல் இருந்த கோபம்தான்.

அந்த வருடம் பிப்ரவரியில் அம்மா இறந்துபோனார். கடைசி மூன்று வருடங்கள் அவர் அண்ணன் வீட்டில் இருந்தார். நான் வேறு நாட்டில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவோம். "கொஞ்சம் சோர்வா இருக்காங்க, வேற ஒண்ணுமில்ல" என்றே அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கிளம்பிப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. இரண்டு நாள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் திறக்கவில்லை. ஒரு மாதம் முன்னாடியே சொல்லியிருந்தால் என்ற எண்ணம் அன்று மனதுக்குள் வந்து உட்கார்ந்ததுதான். எழுந்து போகவே இல்லை.

அதன்மேல் போர்த்துவதற்கு ஒரு துணி தேடினேன் என்பதுதான் உண்மை. நன்றி நோட்டை அந்தத் துணியாக எடுத்துக்கொண்டேன். அது நிலைக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதே வருட இலையுதிர் காலத்தில், அந்த நோட்டை நிறுத்திய பிறகு நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது உதவலாம்.

நான் இருக்கும் பக்கத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும். அதற்குப் பிறகு பகல் வேகமாகச் சுருங்க ஆரம்பிக்கும். நாளுக்கு மூன்று நான்கு நிமிடம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும்; ஒரு வாரத்தில் அது அரை மணி நேரத்தை நெருங்கிவிடும். போன வாரம் வெளிச்சத்தில் நடந்த அதே பாதையில் இந்த வாரம் இருட்டில் நடப்போம். வேலை முடிந்து அந்த வெளிச்சம் போவதற்குள் ஒரு நடை போய்வருவது என்று வைத்துக்கொண்டேன். நோட்டு இல்லை, தீர்மானம் இல்லை. சும்மா நடை.

அந்தப் பாதையில் பிர்ச் மரங்கள் வரிசையாக நிற்கும். அக்டோபரில் அவை முழுக்க மஞ்சளாகிவிடும். இலை "மஞ்சளாக மாறுகிறது" என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். அது சரியில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த மஞ்சள் புதிதாக வருவதில்லை. கரோட்டினாய்டு என்ற நிறமி வசந்தத்திலிருந்தே இலைக்குள் இருக்கிறது. கோடை முழுவதும் ஒளியை வாங்கும் வேலையில் அதுவும் சேர்ந்து உழைக்கிறது. பச்சையம் மிகுதியாக இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பச்சையம் நாள்தோறும் சிதைந்து நாள்தோறும் புதிதாக உண்டாகும் பொருள். இரவு நீண்டு குளிர் வந்ததும் மரம் அதை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை விலகுகிறது, அடியில் இருந்தது தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்களின் சிவப்பு வேறு கதை. அது ஆந்தோசயனின் என்ற நிறமி, பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்களில் புதிதாக உண்டாவது. ஆனால் மஞ்சள் மட்டும் கோடை முழுவதும் அங்கேயே இருந்தது, நாம் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் அந்த வரிசைக்கு அடியில் நின்று மேலே பார்த்தபோது இது என்னை என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்தும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

"நன்றி" என்ற சொல்லை நாம் இப்போது சொல்லும் பொருளில், அதாவது ஆங்கில "தேங்க்ஸ்" என்பதற்கு ஈடாக, உபசாரமாகச் சொல்கிறோம். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த உதவி. திருக்குறளின் 11-ஆம் அதிகாரத்தின் தலைப்பு "செய்ந்நன்றி அறிதல்". செய்யப்பட்ட நன்மையை அறிவது. சொல்வது இல்லை, அறிவது. சமஸ்கிருதத்தில் "கிருதக்ஞதை" என்பதும் அப்படியே: கிருதம் என்றால் செய்யப்பட்டது, ஞ என்றால் அறிதல். பாலி மொழியில் புத்தர் பயன்படுத்திய "கதஞ்ஞு" என்ற சொல்லும் அதே பொருள்தான். உலகில் கிடைப்பதற்கு அரியவர்கள் இரண்டு வகையினர் என்று அவர் சொல்கிறார்: தானாக முன்வந்து உதவி செய்கிறவர், செய்த உதவியை அறிந்து நினைக்கிறவர். அரபியில் "ஷுக்ர்" என்ற நன்றிக்கு எதிர்ச்சொல் "குஃப்ர்". அதன் வேர்ப்பொருள் மூடுவது, மறைப்பது.

இவ்வளவு மொழிகளில், இவ்வளவு வழிகளில், நன்றி என்பது கண்ணோடு தொடர்புள்ள ஒன்றாக இருக்கிறது. அடியில் இருப்பது தெரிய வேண்டும். நான் நோட்டில் செய்துகொண்டிருந்தது நேர் எதிரானது. மேலே இன்னொரு பூச்சு பூசிக்கொண்டிருந்தேன்.

சரி, தெரிவதற்கு என்ன செய்வது? இங்கேதான் எனக்கு நைக்கான் கிடைத்தது.

நைக்கான் என்றால் ஜப்பானிய மொழியில் உள்ளே பார்ப்பது. இஷின் யோஷிமோட்டோ (1916–1988) என்ற வணிகர் அதை உருவாக்கினார். அவர் ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்த மரபில் வந்தவர். அந்த மரபின் ஒரு பிரிவில் உணவும் உறக்கமும் விட்டுத் தன்னை ஆராயும் கடுமையான ஒரு பயிற்சி இருந்தது; அதன் கடுமையைக் களைந்து, எந்த மதத்தவரும் செய்யும்படி மாற்றினார். முழுப் பயிற்சி ஒரு வாரம். ஒரு திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, விடியற்காலையிலிருந்து இரவு வரை, வாழ்க்கையில் இருந்த ஒவ்வொருவரையும் எடுத்து மூன்றே கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். இவரிடமிருந்து நான் பெற்றது என்ன? இவருக்கு நான் கொடுத்தது என்ன? இவருக்கு நான் கொடுத்த தொந்தரவு என்ன? ஜப்பானியச் சிறைகளில்கூட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வழக்கமாக அம்மாவிலிருந்து தொடங்குவார்கள்.

நான்காவதாக ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும் என்று உடனே தோன்றும். இவர் எனக்குக் கொடுத்த தொந்தரவு என்ன? அது வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எட்டு மாதம் நான் அதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

என்னால் ஒரு வாரம் திரைக்குப் பின்னால் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நடை முடிந்து வந்து ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு ஆள். அந்த ஆளோடு ஒரு குறிப்பிட்ட காலம் மட்டும். அம்மா என்றால் எனக்கு ஆறு வயதிலிருந்து ஒன்பது வயது வரை, அப்படி. காலத்தைக் குறுக்காவிட்டால் "எனக்காக எல்லாம் செய்தார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். குறுக்கினால்தான் மழையில் பள்ளிக்கூட வாசலில் நின்றது, காய்ச்சல் இரவில் நெற்றித் துணியை எத்தனை முறை மாற்றினார் என்பது, இவையெல்லாம் வரும். நைக்கானில் இது கட்டாயம்: உணர்ச்சியை எழுதக் கூடாது, நடந்ததை எழுத வேண்டும். "அன்பாக இருந்தார்" என்பது விடை ஆகாது. என்ன செய்தார்?

வாரம் ஒருமுறை போதுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித்தான் நன்றிக் குறிப்பு எழுதுவது குறித்து எல்லோரும் பேசுவார்கள். அதன் முதல் சோதனையில் மாணவர்கள் எழுதியது வாரம் ஒருமுறை, பத்து வாரம். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள். உடல் உபாதைகளையும் குறைவாகவே சொன்னார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் செய்த இன்னொரு சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. என் பதினோரு நாள் நோட்டு ஏன் காய்ந்துபோனது என்று இதைப் படித்தபோது புரிந்தது. தினமும் தோண்டினால் ஊற ஏது நேரம்?

இன்னொன்று, ஐந்து விஷயம் வேண்டாம். ஒன்றை எடுத்து அடிவரை போங்கள். நல்ல தூக்கம் என்று எழுதுவதற்குப் பதில், நேற்று ராத்திரி நான் தூங்கும்போது யார் யார் விழித்திருந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் போனது. மின்சாரம் வரும் இடத்தில் இரவுப் பணி பார்த்தவர், தண்ணீரை ஏற்றியவர், எதிர்வீட்டுக் குழந்தை அழாமல் இருக்கத் தோளில் போட்டு நடந்த அதன் அப்பா வரைக்கும்.

அம்மாவோடு நான்கு வாரம் ஆனது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

நவம்பர் முதல் ஞாயிறு அண்ணனின் பெயரை எழுதினேன். காலம்: அம்மா அவர் வீட்டில் இருந்த கடைசி மூன்று வருடம். முதல் கேள்வி, பெற்றது என்ன. பேனா நகரவில்லை. "அம்மாவைப் பார்த்துக்கொண்டார்" என்று எழுதி, அது விதிப்படி விடை இல்லை என்று அடித்தேன். நடந்த ஒன்று வேண்டும், கண்ணால் கண்ட ஒன்று. எதையாவது பிடிக்கலாம் என்று போனை எடுத்து, வீடியோவில் பேசியபோது நான் எடுத்துவைத்த படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அம்மாவின் முகத்துக்காக எடுத்தவை. மொத்தம் நாற்பத்தேழு இருந்தன.

ஏழெட்டுப் படம் தாண்டியதும்தான் பார்த்தேன். படத்தின் ஓரத்தில், கீழ் மூலையில், மங்கலாக ஒரு கட்டைவிரல். அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். அம்மாவுக்குக் கை நடுங்கும். போனைப் பிடிக்க முடியாது. மூன்று வருடம், வாரா வாரம், நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம், நானும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு எதிரே இருந்திருக்கிறார். அவர் முகம் ஒரு படத்திலும் இல்லை. விரல் மட்டும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருந்தது. நகத்தில் ஒரு வெட்டுத் தழும்புகூடத் தெரிந்தது.

இந்தப் படங்களை அந்த எட்டு மாதத்தில் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்து அழுதிருக்கிறேன். ஒரு முறையும் அந்த விரலை நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு பேனா தானாக ஓடியது. மூன்று வருடம் என்றால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரவுகள். அத்தனை இரவும் நான் தூங்கினேன். மாத்திரை டப்பாவைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து நிரப்பியது யார், நான் போனில் கேட்டதும் எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று பார்க்காமல் சொன்னது யார்?

இரண்டாவது கேள்விக்கு, நான் அண்ணனுக்குக் கொடுத்தது என்ன என்பதற்கு, பணம் அனுப்பியதைத் தவிர ஐந்து வரிகூடத் தேறவில்லை.

மூன்றாவது கேள்விதான் கடினம். அங்கே நடு இரவு என்று தெரிந்தும் போன் செய்தது. இணையத்தில் எதையாவது படித்துவிட்டு மருத்துவரை மாற்றச் சொன்னது. இப்படி எழுதிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் கை நின்றது. இரண்டாவது வருடம் ஒருநாள் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அடி பெரிதாக இல்லை. அண்ணன் அன்றே போன் செய்து சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி: "அப்ப நீங்க எங்கண்ணா போயிருந்தீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "கடைக்குப் போயிருந்தேன்" என்றார்.

"கொஞ்சம் சோர்வா இருக்காங்க, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இதனால்தான் அது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிப் பார்த்தபோது என்னால் வேறு மாதிரி படிக்க முடியவில்லை. எனக்கு மறைத்தார் என்று நான் எட்டு மாதம் குற்றம் சாட்டிய மனிதருக்கு, என்னிடம் சொல்வது எவ்வளவு பாரமாக ஆகியிருந்தது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். நோட்டை மூடிவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பிரார்த்தனை என்று நான் அதுவரை செய்ததெல்லாம் கேட்பது. அன்று கேட்க எதுவும் இல்லை. கொடுக்கப்பட்டதன் அளவைப் பார்த்து வாயடைத்துப் போய் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகக் கும்பிட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதினாறாம் நூற்றாண்டில் லொயோலாவின் இக்னேஷியஸ் என்ற கத்தோலிக்கத் துறவி அன்றாட ஆன்ம சோதனைக்கு ஒரு முறை வகுத்தார். அதில் முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. தவறுகளைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஏன் அந்த வரிசை என்று எனக்கு இப்போது தெரிகிறது. பெற்றதைப் பார்க்காமல் நேரே மூன்றாவது கேள்விக்குப் போயிருந்தால் என்னையே நான் நொந்துகொண்டு அதிலேயே மூழ்கியிருப்பேன். அந்த விரலை முதலில் பார்த்ததால் தாங்க முடிந்தது. ஆகவே கேள்விகளின் வரிசையை மாற்றாதீர்கள். முதல் கேள்விக்குப் பாதி நேரத்துக்கு மேல் கொடுங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்களை அடித்தவர், துன்புறுத்தியவர், சிறு வயதில் கெடுதல் செய்தவர் ஆகியோரின் பெயரை இந்தப் பயிற்சியில் எழுத வேண்டாம். குறைந்தபட்சம், கூட ஒரு ஆலோசகர் இல்லாமல் வேண்டாம். அவர்களுக்கு நீங்கள் கொடுத்த தொந்தரவு என்ன என்று உங்களைக் கேட்பது அநியாயம். அண்ணன் என்னிடம் சொல்லாமல் விட்டது எனக்கு வலித்தது உண்மை. இப்போதும் அந்த இரண்டு நாளை நினைத்தால் வலிக்கிறது. நன்றி அந்த வலியை எடுத்துவிடவில்லை. வலி இருந்த அறைக்குள் இன்னொருவரும் இருந்தார் என்று காட்டியது. அவ்வளவுதான் அது செய்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதேபோல, பகல் சுருங்கும் இந்த மாதங்களில் ஆண்டுதோறும் மனம் விழுந்து, எழுந்திருக்கவே முடியாத சோர்வு வருகிறது என்றால் அதை நன்றிப் பயிற்சியால் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம். பருவகால மனச்சோர்வு என்று மருத்துவத்தில் 1984-இலிருந்தே விவரிக்கப்பட்ட ஒன்று அது. ஒளி சிகிச்சை முதல் மருந்து வரை அதற்கு வழி இருக்கிறது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். நோட்டு காத்திருக்கும்.

இலையுதிர் காலம் என்றதும் "விட்டுவிடக் கற்றுக்கொள்" என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கோபத்தை விட்டுவிடு, அம்மாவை விட்டுவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மரம் என்ன செய்கிறது என்று பார்த்தால் அது பாதிதான் சரி. இலையை உதிர்ப்பதற்கு முன் பல வாரம் மரம் அந்த இலையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் மேலோ கிளைக்குள் திரும்பிப் போகிறது. பச்சையம் சிதைவதும் அந்த வேலையோடு சேர்ந்ததுதான். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு தளர்கிறது. கிளைப் பக்கம் தக்கை போல ஒரு மூடி உருவாகிவிடுகிறது. அப்போது லேசான காற்றுக்கும் இலை விழும், காயம் இல்லாமல். அதற்கு முன்பே ஓர் இலையைப் பிய்த்துப் பாருங்கள், நார் கிழிந்து வரும்.

நான் கிழித்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொள்ளாமல் விட முயன்றேன். அம்மாவோடு இருந்த நான்கு வாரமும் அண்ணனோடு இருந்த அந்த ஞாயிறும் எடுத்துக்கொண்ட வாரங்கள்.

நவம்பர் கடைசியில் மேப்பிள் மரம் ஒன்றின் தாழ்ந்த கிளையைப் பிடித்துக் கிட்டத்தில் பார்த்தேன். இலை இருந்த இடத்தில் பிறை போல ஒரு சிறு வடு. வடுவுக்குள் மூன்று புள்ளி. தண்ணீரும் சர்க்கரையும் போய்வந்த குழாய்களின் அடையாளம். வடுவுக்கு நேர் மேலே, அதை ஒட்டியே, அரிசி அளவுக்கு ஒரு மொட்டு. அடுத்த வருட இலைக்கான மொட்டு கோடையிலேயே உண்டாகிவிடுகிறது, இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

அன்று ராத்திரி அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். கையால், ஒரே பக்கம். நன்றிக் கடிதம் எழுதத் தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அமித் குமாரும் நிக்கலஸ் எப்ளியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூட்டியும், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதைக் குறைத்தும் மதிப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். மூன்று முறை கிழித்துப் போட்டேன். முதல் மூன்றிலும் எங்கோ ஓர் "ஆனால்" இருந்தது. "நீங்க எவ்வளவோ செஞ்சீங்க, ஆனா என்கிட்ட சொல்லியிருக்கலாம்." அந்த ஆனால் வந்தால் அது நன்றிக் கடிதம் இல்லை, வழக்கு மனு. சொல்ல வேண்டியது இருந்தால் அதைத் தனியாக இன்னொரு நாள் சொல்லலாம். கடிதத்தில் எதையும் கேட்காமல் இருப்பதும் முக்கியம். பதில் போடுங்க என்றுகூட எழுதக் கூடாது.

நான்காவது தாளில் இரண்டே விஷயம். போனைப் பிடித்திருந்த அந்த விரலை இப்போதுதான் பார்த்தேன் என்பது. அம்மா விழுந்த அன்று நான் கேட்ட கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்பது. அதோடு நாற்பத்தேழு படங்களில் ஒன்றை அச்செடுத்து வைத்தேன்.

போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு ஒருநாள் அண்ணன் கூப்பிட்டார். கடிதத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டார். ஆரம்பித்துவிட்டது என்றேன். இலையெல்லாம் கொட்டிவிட்டதா என்றார். கொட்டிவிட்டது அண்ணா, வெறும் கிளைதான் நிற்கிறது என்றேன். அண்ணி எப்படி இருக்கிறார், பிள்ளைகள் எப்படி என்று கொஞ்ச நேரம் போனது. வைக்கப்போகும் நேரத்தில் சொன்னார், "கை வலிக்கும்தான். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கவே மாட்டீங்க. இந்தக் கை வலிச்சா அந்தக் கைக்கு மாத்திக்குவேன்."

வைத்துவிட்டுப் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆமாம். சிலவற்றில் விரல் வலது மூலையில் இருக்கிறது. சிலவற்றில் இடது மூலையில். தழும்பு வலது கை விரலில் மட்டும்தான்.

இது நடந்து மூன்று இலையுதிர் காலம் ஆகிவிட்டது. செப்டம்பர் 22 வந்ததும் நோட்டை எடுப்பேன், மரங்கள் வெறுமையாகும்வரை எழுதுவேன். பத்து வாரம், பத்துப் பெயர். மற்ற மாதங்களில் எழுதுவதில்லை; நடக்கும்போது நினைப்பதோடு சரி. இந்த வருடம் இது ஏழாவது வாரம், அண்ணியின் பெயர். அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, வீடியோவில் வருவதற்கு முன் நல்ல புடவையாக உடுத்தி உட்கார வைத்தது யார் என்று இத்தனை நாள் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முதல் கேள்விக்கே மூன்று பக்கம் ஆகிவிட்டது. வெளிச்சம் போய்விட்டதால் நிறுத்தியிருக்கிறேன். இரண்டாவதை அடுத்த ஞாயிறு எழுத வேண்டும்.